எட்டு முகத் துணி

அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்:
தண்ணீர் இல்லாமல் கார் துடைக்கப்படும்.
கலாமா, மருத்துவமனையின் மேற்கு வாசல்,
பார்வையாளர் நேரம் முடியும்வரை.

முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை.
சேறு என்றால் தலையாட்டிவிடுவேன்.
தூசி என்றால் பேசலாம்.
பாலைவனத்தில் ஏது சேறு என்கிறீர்களா?
பிப்ரவரியில் மலைமேல் மழை பெய்யும்.
உப்புச் சேற்றோடு இறங்கி வருகிறவர்களைக்
குழாய் வைத்திருக்கிற கடைக்கு அனுப்பிவிடுவேன்.
நஷ்டம்தான்.

ஊருக்கு ஆறு உண்டு, லோவா என்று பெயர்.
கல்லைக் கரைத்துச் செம்பெடுக்கும் சுரங்கம்
குடித்தது போக மிச்சம் ஓடுகிறது.
அந்தச் சுரங்கத்துத் தூசிதான்
இங்கே எல்லா வண்டி மேலும் உட்கார்ந்திருக்கிறது.
அதனால் எனக்குப் பிழைப்பு.
இதற்கு மேல் அதைத் திட்ட எனக்கு வாய் வராது.

நிழல் பக்கத்தில் தொடங்க வேண்டும்.
வெயில் குடித்த தகட்டில் தெளித்தால்
துணி போய்ச் சேருமுன் மருந்து காய்ந்து
வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.
தெளித்துவிட்டுப் பத்து எண்ணுவேன்.
தூசி ஊறட்டும், பிடி தளரட்டும்.
அவசரக்காரர்கள் ஆறிலேயே துடைக்கிறார்கள்.
யாரென்று சொல்லமாட்டேன்;
கிழக்கு வாசலில் நிற்கிறான்.

துணியை மடித்து, மறுபடி மடித்தால்
எட்டு முகம்.
முகத்துக்கு ஒரே இழுப்பு,
முன்னிருந்து பின்னுக்கு, நேராக,
புண்ணைச் சுற்றித் துடைப்பதுபோல் அழுத்தாமல்.
பிறகு புது முகம்.
அழுக்கான முகம் திரும்ப வண்டியைப் பார்க்கக்கூடாது.
எட்டும் தீர்ந்தால் துணி பைக்குள்.

விரலடியில் ஒரு மணல் மாட்டினால் போதும்,
சோற்றில் கல் கடித்ததுபோல்
தோள்வரை கூசும்.
கை தானே நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை ஒரு பிக்கப் வந்தது. கறுப்பு.
கறுப்பு எதையும் மறைக்காது.
என்ஜினியர் ஒரெயானா. மனைவி நான்காம் மாடியில்.
எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை.
நாற்பது நிமிடம் கழித்து இறங்கி வந்தவர்
பானெட்டின் மேல் குனிந்தார்.
"என்ன இது? கீறி வைத்திருக்கிறாய்!"
தகடு முழுக்க மெல்லிய கோடுகள்,
சூரியனைச் சுற்றிச் சிலந்தி பின்னியதுபோல.
இவ்வளவு சின்னக் கோட்டுக்கு
அவ்வளவு பெரிய சத்தம்.
"என்ன நொல்வியா?" என்று
காவலாளி சொசிமோகூட எழுந்து வந்துவிட்டான்.

நான் குரல் உயர்த்தவில்லை.
"என் கை வட்டம் போடாது சார்.
இது வட்டம்.
ஞாயிற்றுக்கிழமை வீட்டில்
வாளியும் ஸ்பாஞ்சுமாக நீங்களே கழுவியது.
வாளியடியில் மணல் தங்கும்,
ஸ்பாஞ்சு அதை அள்ளிக்கொண்டு வரும்.
தண்ணீர் நிறைய இருந்தால் யாருக்கும் கை கூசாது.
இத்தனை நாள் தூசி மூடியிருந்தது.
இன்றைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்."

விரலை வைத்து ஒரு வட்டத்தோடு கூடவே போனார்,
ஹெட்லைட் வரைக்கும்.
"நானில்லை," என்றார்.
"அவள். ஞாயிறுதோறும் அவள்தான்."

பாலிஷ் போட்டால் மறைந்துவிடும் என்று
சொல்லித் தொலைத்தேன். தொழில் வாய்.
பதில் இல்லை.
காசைத் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார்.
ஐந்நூறு பெசோ குறைந்தது.
நான் எண்ணிப் பார்த்தது அவர் திரும்பிய பிறகு.

அட்டையில் இருப்பது பாதிப் பொய், ஒத்துக்கொள்கிறேன்.
ராத்திரி முப்பத்தொரு துணியையும்
வாளியில் முக்கத்தான் வேண்டும்.
பகலெல்லாம் தண்ணீர் கேட்காத தூசி
என் வீட்டுக்கு வந்து கேட்கிறது.
முதல் அலசல் சாக்கடைக்கு,
மூன்றாம் அலசல் வாசல் மரத்துக்கு.
மரத்தின் இலைமேலும் அதே தூசி.
அதை யாரும் துடைப்பதில்லை.

அன்றைக்கு அலசும்போதுதான் பார்த்தேன்.
தண்ணீருக்குள் இறங்கியதும்
என் கையும் போய்க்கொண்டிருந்தது
வட்டம் வட்டமாக.