கடைக்கண்

காஷான் தாண்டி, தார்ச்சாலை முடிந்து,
உப்பு ஏரியின் ஓரத்தில் வண்டியை அணைத்தோம்.
நால்வர். ஒரு தொலைநோக்கி. இரண்டு ஃபிளாஸ்க் தேநீர்.
நூற்றுப் பத்து மங்கல்களின் பட்டியல்.
மார்ச் அமாவாசை தரும் சலுகை இது:
அந்தியில் தொடங்கினால் விடிவதற்குள்
அத்தனையையும் பார்த்துவிடலாம் என்பார்கள்.

குழாய், ஃபர்ஸீன் ஒட்டுப்பலகையில் அடித்தது.
கண்ணாடி, ஒரு குளிர்காலம் முழுக்கச்
சமையலறையில் பெஹ்ராங் தேய்த்தது.
மஹ்ஷீத் டார்ச்சின் முகத்தில்
சிவப்பு நகப்பூச்சு இரண்டு கோட் அடித்திருந்தாள்.
அந்த வெளிச்சத்தில் எல்லோருமே
இப்போதுதான் அழுது முடித்தவர்கள்போல் இருந்தோம்.

முதல் இலக்கே முரண்டு பிடித்தது.
மீனத்தில், மேற்கின் சாம்பல் வெளுப்பில்,
மூச்சுவிட்டால் கலையும் ஒரு பால்கறை.
"எங்கே?" என்றேன்.
"நேராகப் பார்க்காதே" என்றான் பெஹ்ராங்.
"பக்கத்தில் எதையாவது பார். கடைக்கண்ணுக்குத்தான் அது வரும்."
வந்தது.
ஆசையாய்த் திரும்பினேன்,
போயிற்று.

அவனுக்குக் கனடா விசா வந்து பதினொரு நாள்.
எனக்கு அவன் தங்கை சொன்னாள்.
மற்ற இருவருக்கும் யார் சொன்னார்களோ,
முதல் கோப்பையை அவனிடமே நீட்டிய விதத்தில்
அவர்களுக்கும் தெரியும் என்று தெரிந்தது.

நள்ளிரவில் கன்னி ராசிக்குள் தொலைந்தோம்.
எங்கு திருப்பினாலும் ஒரு புகைத்துளி;
ஒவ்வொன்றும் ஒரு பால்வீதி.
ஒன்றுக்கே இரண்டு எண் கொடுத்து,
அடித்து, மறுபடி எழுதி, சண்டை போட்டு,
பிஸ்தா ஓட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தோம்.

அப்போதுதான் அந்த லாரி.
ஐந்து மணி நேரமாய்க் கண்ணில் சேர்த்த இருட்டை
இரண்டு முகப்பு விளக்குகள்
ஒரே வீச்சில் கவிழ்த்துக் கொட்டின.
ஃபர்ஸீன் வாயில் வந்ததையெல்லாம் கத்தினான்.
இறங்கியவர் யத்துல்லா, உப்பு ஏற்றிப் போகிறவர்,
திருடர்களோ என்று பார்க்க வந்தாராம்.
விளக்கை அணைத்தார். தொப்பியைக் கழற்றினார்.
கண்ணை வைத்தார்.
ஹெர்குலிஸின் விலாவில் மூன்று லட்சம் சூரியன்.
வெகுநேரம் குனிந்தே இருந்தவர்,
"யாரோ மூட்டையைச் சரியாகக் கட்டவில்லை" என்றார்.

அவர் போனபின்
கண் பழக அரை மணி நேரமாகும்.
யார் முகமும் யாருக்கும் தெரியாத அந்த அரை மணியில்
பேசியிருக்கலாம்.
பெஹ்ராங் தொண்டையைச் செருமினான்.
"குளிருகிறதா?" என்றாள் மஹ்ஷீத், அவசரமாக.
"இல்லை" என்றான்.

தனுசு எழுந்தது; வாரி வாரிக் குறித்தோம்.
நூற்று ஒன்பது.
கடைசி ஒன்று மகரத்தில்,
அதற்குள் கிழக்கு ரோஜா நிறமாகிவிட்டது.
"இருக்கிறது" என்றான் பெஹ்ராங், குழாயில் கண் பதித்து.
நாங்கள் பார்த்தோம். வானம்தான் இருந்தது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மஹ்ஷீத் கேட்டாள்:
"நேராகப் பார்த்துச் சொல்."
அவன் குழாயிலிருந்து கண்ணை எடுத்தான்.
எங்களைப் பார்த்தான்.
"மே இருபது" என்றான்.

பேனாவை மூடினாள்.

குழாயைத் தூக்க இருவர் வேண்டும்.
கண்ணாடி இருக்கும் கனமான முனை எப்போதும் அவனுடையது.
இன்று நான் போய் அதைப் பிடித்தேன்.
அவன் விடவில்லை. நானும்.
வண்டிவரைக்கும் இருவரும் ஒரே முனையில் நடந்தோம்.
மறுமுனையில் தனியாக
ஃபர்ஸீன் தடுமாறித்
திட்டிக்கொண்டே வந்தான்.