கைவரிசை

வாரத்தில் ஐந்து நாள் நான் கைகளைப் பார்க்கிறேன்.
முகங்களை அல்ல. முகம் பொய் சொல்லப் பழகியது.
பதினாறு சின்னத் திரைகளில்
சவர அலகு, சீஸ், குழந்தைப் பால்மா, விலை கூடிய பற்பசை
சட்டைக்கைக்குள் நுழைவதைப் பார்க்கத்தான்
வூப்பர்டாலில் ஒரு பேரங்காடி எனக்குச் சம்பளம் தருகிறது.
மணிக்குப் பதினான்கு யூரோ நாற்பது சென்ட்.

சனிக்கிழமை இரவு அதே கண்களோடு
பதினெட்டு யூரோ கொடுத்து ஏமாறப் போனேன்.

சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு நிலவறை.
அறுபது நாற்காலி, அதில் நாலு ஆடும்.
ஆற்றுக்கு மேலே தொங்குரயில் போகும்போதெல்லாம்
விளக்கு ஒருமுறை சிணுங்கும்.
ஃபோல்கர் மேடைக்கு வரும்போதே
திரைச்சீலையில் சிக்கிக்கொள்கிறார்.
கோட்டுக்கு அடங்காத வயிறு.
முட்டையை மறைத்துக் காட்டுகிறேன் என்று உள்ளங்கையை மூடி
மந்திரத்துக்குப் பதில் மருந்துப் பெட்டித் தாளை வாசிக்கிறார்:
"பக்கவிளைவுகள் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்."
கையைத் திறக்கிறார்.
முட்டை அங்கேயே இருக்கிறது.
சபையைப் பார்க்கிறார். முட்டையைப் பார்க்கிறார்.
வெட்கத்தோடு அதைக் கோட்டுப் பையில் போட்டு
பையை ஓங்கித் தட்டிக்கொள்கிறார்.
சளக்.

நிலவறையே சிரித்தது.
முன்வரிசையில், மடியில் தொப்பி வைத்திருந்தவர்
பல்வைத்தியருக்குக் காட்டுவதுபோல் வாயைப் பிளந்து சிரித்தார்.
சிரிப்பவர்களுக்கு அரை நொடி கண் மூடும்.
அந்த அரை நொடிதான் இவர் வாசல்.
நான் சிரிக்கவில்லை, தொழில் வியாதி.
அவர் இடக்கை மேசைத்துணிக்குக் கீழே போய் வந்ததை
நான் ஒருத்திதான் பார்த்தேன்.

பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார்.

கடையென்றால் இந்த இடத்தில்
எழுந்து கதவருகே போய் நிற்பேன்.
"ஒரு நிமிடம் என்னோடு வருகிறீர்களா?"
இங்கே அதை அவர் கேட்டார்.

பெயர் கேட்டார். யசோமதி என்றேன்.
"யசோ..." என்றவர் நின்றுவிட்டார்.
மீதியைக் காணோமாம்.
வலப்பையில் தேடினார். இடப்பையில் விட்ட கை
மஞ்சள் கரு வழிய வெளியே வந்தது.
முன்வரிசைக்காரரின் தொப்பிக்குள் துழாவி
உடையாத முழு முட்டை ஒன்றை எடுத்தார்,
"இது இல்லை" என்று அலுத்துக்கொண்டு
திரும்பத் தொப்பிக்குள்ளேயே வைத்தார்.
யாரும் கைதட்டக்கூட நேரம் தராமல் தேடிக்கொண்டே போனார்.

அவர் பேசியது ஜெர்மன். என் காதில் விழுந்தது தமிழ்.
மீதிக்கும் மதிக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம்?
சிரித்துவிட்டேன்.
மூக்கால் சத்தம் வர, அசிங்கமாக.
கண் மூடியது.

திறந்தபோது என் காதில் ஒரு தாள்பூ.

காதில் பூ சுற்றுவது என்று நாம் சொல்வதை
இந்த மனிதருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

போகும்முன் மேசைத்துணியைத் தூக்கிக் காட்டினார்.
நான் பிடித்துவிட்டதாக நினைத்த இடத்தில்
கொட்டை எழுத்தில் ஓர் அட்டை:
"இங்கே ஒன்றுமில்லை. வேடிக்கை மேலே."
சிரிக்காதவளுக்கென்றும் ஒரு வித்தை வைத்திருந்திருக்கிறார்.

ஆற்றோரமாக நடந்து வந்தேன்.
திருடனின் கைக்கும் வித்தைக்காரனின் கைக்கும்
கைவரிசை என்று ஒரே சொல்லை ஏன் வைத்தோம்?
ஒருவன் எடுத்ததைத் திருப்பித் தருகிறான்.
சில வேளை கூடுதலாக ஒரு பூவும்.

திங்கட்கிழமை, ஒன்பதாம் திரை.
ஒரு கை சீஸை எடுத்தது. மோசமான கை,
பயிற்சியே இல்லை.
கதவருகே போய் நின்றேன்.
"ஒரு நிமிடம் என்னோடு வருகிறீர்களா?"
பையன் சட்டைக்கையை உதறினான்.
சீஸ் அங்கேயே இருந்தது.
என்னைப் பார்த்தான். சீஸைப் பார்த்தான்.

அந்தச் சிரிப்பை அடக்க
நான் பட்ட பாடு.