கழித்தல் குறிக்கு ஒரு விதி

டயர்க்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
உம்கேனி சாலையில் லாரி போகும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி ‘ம்’ கொட்டும்.

திவாலான நிறுவனத்தின் கோப்பு வந்திருந்தது.
உம்ஃபூலா என்றொரு நாணயம்.
ஜூலுவில் ஆறு என்று பொருள்.
பதினெட்டு மாதம் ஓடி ஒரு மார்ச்சில் வற்றியது.
கால் மணிக்கு ஒரு வரியாக விலைகள்,
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
நீதிமன்றத்துக்காக எந்திரம் அதைப் படிக்க வேண்டும்,
எந்திரத்துக்கு நான் இலக்கணம் எழுத வேண்டும்.

வரி என்பது நேரம், பெயர், விலை, மாற்றம்.
விலை என்பது எண்.
எண் என்பது இலக்கம்,
அல்லது இலக்கமும் அதன் பின்னே ஓர் எண்ணும்.
தன் வாலைத் தானே பிடித்து வளரும் இந்த விதியை
எப்போது எழுதினாலும் எனக்குப் பசிக்கும்.

முதல் வரியிலேயே இடறியது.
R 1 204,50
ஆயிரத்துக்குப் பின் இடைவெளி, சதத்துக்கு முன் காற்புள்ளி.
சரி, இந்த நாட்டு வழக்கு.
மூவாயிரம் வரி தாண்டினால்
R 1,688.75
வேறொரு கை.
அப்புறம் மூன்றாவதாக ஒன்று
R 2.310,00
ஒரே காற்புள்ளி
இங்கே கதவு, அங்கே சுவர்.
இடைவெளி வந்தால் சொல் முடிந்தது என்று
இத்தனை வருடம் எந்திரத்துக்குச் சொல்லி வந்தவள்,
சில இடைவெளி சேர்த்துப் பிடிக்கவும் வரும் என்று
இப்போது எந்த முகத்தோடு சொல்வேன்?
சொன்னேன். அதற்கு முகம் தேவைப்படவில்லை.

மாற்றத்துக்கு வந்தேன்.
ஏற்றத்துக்குக் கூட்டல் குறி, எளிது.
இறக்கம் மூன்று வேடத்தில் வரும்:
சிறுகோடு, நெடுங்கோடு,
கணக்கர்கள் வெட்கப்பட்டுப் போடும் அடைப்புக்குறி.
மூன்றுக்கும் இடம் வைத்தேன்.
முகூர்த்த வீட்டில் நாற்காலி போடுவதுபோல
வராதவர்களுக்கும் சேர்த்து.

ஓடவிட்டு,
எந்த விதி எத்தனை முறை விழித்தது என்று எண்ணினேன்.
எண்: ஒவ்வொரு வரியிலும்.
கூட்டல்: ஒவ்வொரு வரியிலும்.
கழித்தல்: இல்லை.
குறி தவறோ என்று இரண்டு முறை பார்த்தேன்.
இல்லை.

தோன்றல், திரிதல், கெடுதல்.
சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
தூக்கக் கலக்கத்தில் ஒப்பித்தது.
எழுத்துக்குச் சொன்னது,
விலைக்கும் பொருந்தும் என்று நினைத்திருந்தேன்.
இந்த மொழியில் கெடுதல் கிடையாது.
சனி ஞாயிறும் கிடையாது.
உலகமெல்லாம் விற்பதாகச் சொன்ன நாணயம்
மாலை ஐந்துக்குத் தூங்கி எட்டுக்கு எழுந்திருக்கிறது,
பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை
சாப்பிடப் போயிருக்கிறது.

நொம்புசோ நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தாள்.
“ஆறு என்று பெயர் வைத்துவிட்டு
மலை ஏறவிட்டிருக்கிறார்களே” என்றாள்.
சிரித்தோம்.
சிரித்ததில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

பிழைப் பட்டியலில் ஒரே ஒரு வரி.
9114. எண் எதிர்பார்க்கப்பட்டது. வந்தது வேறு.

விலை இருக்க வேண்டிய கட்டத்தில்
*அண்ணா திங்கட்கிழமை வண்டித் தவணை
ஐயாயிரம் மட்டும் எடுத்துக்கலாமா
முன்னேயும் கேட்டேன்
எஸ். ரங்கசாமி, ஃபீனிக்ஸ்*

விலையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தவன்
எங்கிருந்தோ இதை நகலெடுத்திருக்கிறான்.
யாருக்கோ அனுப்ப. கேலிக்கோ, கேட்டுச் சொல்லவோ.
விரல் தவறி இங்கே ஒட்டிவிட்டான்.
அடுத்த வரியில் விலை வழக்கம்போல ஏறியிருக்கிறது.

பொருந்தாத வரியைத் தள்ளிவிடு என்பதுதான் வழக்கம்.
ஒரு வரித் திருத்தம், வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கடைசியில் ஒரு புறனடை சேர்த்தேன்.
வரி என்பது விலை வரி,
அல்லது
விதிக்குப் பெயர் கேட்டது எந்திரம்.
‘குறிப்பு’ என்று தட்டி அழித்தேன்.
‘மற்றவை’ என்று தட்டி அழித்தேன்.
ரங்கசாமி என்று வைத்தேன்.

மறுபடி ஓடியது.
கழித்தல்: 0
ரங்கசாமி: 1
பிழை: 0

முதல் இரண்டையும் அறிக்கையில் எழுதினேன்.
மூன்றாவதை எழுதக் கை வரவில்லை.
கீழே ஒரு லாரி,
கண்ணாடி ‘ம்’ என்றது.