இறுதிப் பயனர்

கஞ்சிக்கோட்டில் இரண்டாம் ஷிஃப்ட் விட்ட பிறகு
படிவத்தின் பதினொன்றாம் கட்டத்தில் நிற்கிறேன்:
இப்பொருள் இறுதியில் யாரிடம் போய்ச் சேரும்?

பொருள் என்றால் ஒரு வளையம்.
என் மோதிர விரலுக்குப் பெரிது, கட்டைவிரலுக்குச் சிறிது.
பீரங்கிக் குண்டின் மூக்குக்குள் உட்கார்ந்து
வெடிக்கவேண்டிய நேரம் வரும்வரை
வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் அதன் வேலை.

சாவடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் திலகேஸ்வரி
நாளுக்கு நானூறு கடைகிறாள்.
ஐந்து மைக்ரான் கூடினால் தூக்கிப் போடுகிறாள்.
"எங்கக்கா போகுது இதெல்லாம்?" என்றாள் ஒருமுறை.
வாளையாறு தாண்டி, என்றேன்.
பொய்யில்லை.

மேற்கே ஒரு நாடு இரண்டு லட்சம் கேட்கிறது.
பாதி முன்பணம், டாலரில்.
வடக்கே ஒரு நாடு எதுவும் கேட்பதில்லை.
முப்பது வருஷமாக உருக்குத் தண்டு அனுப்புகிறது.
இந்த இரண்டு லட்சமும் யார் தலையில் விழும் என்று
அதற்குத் தெரியும்.
தண்டு நின்றால்
நம் பீரங்கிக்கும் வளையம் இல்லை.

டில்லியிலிருந்து வந்த அதிகாரி
கட்டஞ்சாயாவை ஊதிக் குடித்தபடி விளக்கினார்:
நாம் யார் பக்கமும் இல்லை,
எல்லார் பக்கமும் இருக்கிறோம்.
மன்னாடியார் சிரிக்காமல் கேட்டார்:
"சார், அதை எந்தக் கட்டத்தில் எழுதணும்?"

நம் உருக்கை நாமே வார்க்கலாம்தான்.
ஒன்பது வருஷம் என்கிறது அறிக்கை.
உலைக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று
எழுதியவர் பஞ்சாயத்தில் கேட்டிருக்கமாட்டார்.
ஏப்ரலில் இங்கே லாரித் தண்ணீருக்கு
விடியற்காலை மூன்றுக்குக் குடம் வரிசையில் உட்காரும்.
ஒன்பது வருஷம் எதிரி பொறுப்பானா, தெரியாது.
பேங்க் பொறுக்காது, அது தெரியும்.

நடுவில் நிற்பவன் கெட்டிக்காரன் என்கிறார்கள்.
நடுவை நான் பார்த்திருக்கிறேன்.
காட்டுக்குள் ஏ லைன், பி லைன்.
போன மாசம் ஒரு பிடியானை
முதல் தண்டவாளத்தை நிதானமாகத் தாண்டிவிட்டது.
இரண்டாவதில் கோயமுத்தூர் வண்டி.

இல்லை, இந்த உவமை வேண்டாம்.
யானைக்கு ரயில் அட்டவணை தெரியாது.
நமக்குத் தெரியும்.
தெரிந்துதான் நிற்கிறோம்.

மணி பதினொன்றரை. போனில் மன்னாடியார்:
"ஐம்பதாயிரம் மட்டும் ஒத்துக்கோ.
மீதிக்கு மெஷின் ரிப்பேர்னு எழுது."
மெஷினுக்கு ஒன்றுமில்லை.
மேற்குக்கும் கோபமில்லாமல், வடக்குக்கும் கோபமில்லாமல்
ஒரு ரிப்பேர்.
இதைத்தான் அந்த அதிகாரி
அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாரோ.

பதினொன்றாம் கட்டத்தில் 'நட்பு நாடு' என்று எழுதி
அழித்து
மறுபடியும் அதையே எழுதினேன்.

காலையில் திலகேஸ்வரியிடம்
ஸ்பிண்டிலைக் கழற்றி வைக்கச் சொல்லவேண்டும்,
யாராவது பார்க்க வந்தால் தெரியும்படி.
அவளுக்குக் கோபம் வரும்.
நன்றாக ஓடுவதைக் கழற்றினால்
திரும்ப மாட்டும்போது பழைய துல்லியம்
வராதுக்கா, என்பாள்.