மூன்றாவது இருக்கை

மிளகளவு தோல்,
ரோஜா நிறத் திரவத்தில் மிதந்தபடி
மதுரைப் பேருந்தில் வந்தது.
ஐஸ் பெட்டியின் மேல் நீல மையில்:
மகிழினி, இரண்டே கால் வயது, புதுவயல்.
முறிவுகள் ஏழு.
உடன் வந்த தாளில் வேறொரு கை
சிவப்பு மையில் கேட்டிருந்தது:
அடித்த காயமா?

மூன்று வாரம்.
குடுவையின் அடியில் செல்கள் பெருகின,
ஊருணிக் கெண்டைக் குஞ்சுகள் போல
ஒரே பக்கம் தலை வைத்து.
சித்திரை மாதம். இரண்டு மணிக்கு மின்சாரம் போகும்.
இன்குபேட்டர் கதவில்
"திறக்காதீர், கெஞ்சிக் கேட்கிறேன்" என்று ஒட்டிவிட்டு
அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்,
பிரசவ அறைக்கு வெளியே கணவன்மார் மாதிரி.

சொர்ணமீனா வியாழக்கிழமைகளில் வருவாள்.
அவள் கணவன் தேவகோட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.
அவனும் ஒரு நாள் வந்தான், தோல்பையோடு.
"சுண்ணாம்புச் சத்து பத்தலைன்னாங்க மேடம்.
பால் கொடுத்தோம், முட்டை கொடுத்தோம்.
அப்புறம் வீட்ல சொன்னாங்க, இவதான்..."
நிறுத்திக்கொண்டான்.
அவள் சுவரில் தீயணைப்புக் குறிப்பைப்
படித்துக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்பு அப்புறம், என்றேன். முதலில் கயிறு.
எலும்புக்குள் மூன்று புரி முறுக்கிய கயிறு உண்டு.
ஒவ்வொரு புரியிலும் ஆயிரம் பேர் வரிசை.
மூணு பேர் சீட்டு உங்களுக்குத் தெரியுமே,
இருவர் எப்படியும் இருக்கலாம்,
மூன்றாவது சின்னப் பிள்ளையானால்தான் கொள்ளும்.
கிளைசின் என்று பெயர் அந்தப் பிள்ளைக்கு.
கயிறு நெடுக மூன்றாவது இடம் அதற்கு.
உங்கள் மகளுக்கு ஓர் இடத்தில்,
ஒரே ஓர் இடத்தில்,
பிள்ளையின் சீட்டில் பெரிய ஆள் ஒருவர்
மூட்டையோடு ஏறிவிட்டார்.

"இறக்கிவிட முடியாதா?" என்றான்
பழக்கத்தில்.

ஜெல் ஓட்டிய இரவு நினைவிருக்கிறது.
நல்ல கயிற்றின் பட்டை நேரத்துக்கு இறங்கியிருந்தது.
மகிழினியின் பட்டை
அரை நகக்கண் பின்தங்கி, கலங்கி, மேலேயே நின்றது:
முறுக்கத் தாமதித்ததில்
சர்க்கரை ஏறிக் கனத்த கயிறு.
பதினோரு ஆண்டாய் இதே வேலை,
ஒரு தாமதத்துக்காக இவ்வளவு மகிழ்ந்ததில்லை.
உடனே வெட்கமாயிருந்தது.
அந்த அரை நகக்கண்ணில்
ஒருத்திக்கு விடுதலை,
இன்னொருத்திக்கு ஆயுள்.

யார் வழி வந்தது என்று கேட்டார்கள்.
எந்தக் கோயில், எந்தப் பங்காளி என்று
ஏழு தலைமுறை தோண்டும் ஊர்.
பெற்ற இருவர் ரத்தத்திலும் அந்த எழுத்து
பிழையின்றி இருந்தது.
யார் வழியும் இல்லை.
இந்த வம்சம் இவளிடம் தொடங்குகிறது.

சிவகங்கைக்கு, குழந்தைகள் நலக் குழுவுக்கு
ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
அடித்துத் திருத்தி, திருத்தி அடித்து
கடைசியில் நின்ற வரி:
இது கையின் வேலை அல்ல.

படித்துக் காட்டினேன்.
சொர்ணமீனா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்,
"அப்ப நான் அவளத் தூக்கலாமா?
நாலு மாசமா தொடவிடல."

அக்குளில் கை கொடுக்காதே.
கணுக்காலைப் பிடித்து உயர்த்தாதே.
விரல்களை அகல விரித்து
பிடரியோடு முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று.
ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்துக் காட்டினேன்.
அவள் அதை வாங்கி
என்னைவிடச் சரியாக ஏந்தினாள்,
வெறும் தெர்மோகோலை,
கனம் பார்ப்பவள் போல.

மணி இரண்டு. மின்விசிறி நின்றது.
இருவரும் அசையவில்லை.