இருபத்தேழாம் போத்தல்

கிரான் பாலத்தில் வெள்ளம் ஏறுவதற்குள்
திரும்பிவிட வேண்டும்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி,
அதற்குள் பன்னிரண்டு போத்தல்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை
விடியக்காலம் குந்தியிருந்து தந்தது.

படிவத்தின் முதல் கேள்வி:
பிள்ளை ஆரோக்கியமானதா?
நிரோஜினி வாசலுக்கு வெளியே வந்துவிட்டாள்.
"ஆர் சொன்ன? போன கிழமையும் இருமினவன்.
ராவில பல்லு நெறுமுறவன்.
ஆளப் பாருங்க, கரட்டி ஓணான் மாதிரி."
அவளுக்குப் பின்னால் லதுர்ஷன்,
மூன்று வயது, மடிப்பு விழுந்த தொடை,
கன்னத்தில் மைப்பொட்டு,
எருமைக்கன்றின் கயிற்றை இழுத்து
அதைத் தோற்கடித்துக்கொண்டிருந்தான்.

விளங்கியது.
நல்லம் என்று ஒரு வாய் சொன்னால் போதும்,
அன்றிரவே நாவூறு வந்து வயிற்றில் குந்தும்.
நான் பட்டம் வாங்கிய அன்று
அம்மாவும் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டவள்தான்.
நெறிமுறைக் குழு ஏழு மாதம் பார்த்து
ஒப்பமிட்ட படிவத்தில்
அந்தக் கட்டத்துக்கு நேரே எழுதினேன்:
தாய் சொல்வது, பரவாயில்ல.

மூன்று மாதத்துக்குள் மருந்துக் குளிசை? இல்ல.
வயித்தோட்டம்?
"செல்லாதீங்க மிஸ், வாயால செல்லாதீங்க."
தாய்ப்பால்? இப்பவும். ராவில, களவாய்.
சாப்பாடு? சோறு, பனையான் மீன், தயிர், மண்.
"மண் எண்டு எழுதிட்டீங்களா?"
எழுதிவிட்டேன்.

"மறுகா இத என்ன செய்வீங்க?"
இதற்குள் நல்ல கிருமியும் இருக்கு,
தேடிப் பிடித்துச் சோதிப்போம்,
சரி வந்தால் தயிரில் விட்டு
வருத்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றேன்.
வாயைப் பொத்தினாள். முடியவில்லை.
பட்டியடியில் நின்ற புருசனைக் கூப்பிட்டாள்:
"இஞ்சே, இவன்ட பீயில தயிர் போடப் போறாங்களாம்!"
அவன் சிரிக்கவில்லை.
"சட்டி என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டான்.

வந்தாறுமூலையில்
மின்சாரம் போய்ப் போய் வந்த ராத்திரி.
தட்டுகளைக் கண்ணாடிச் சாடிக்குள் அடுக்கி
மெழுகுதிரி கொளுத்தி மூடினேன்.
சுடர் தன் காற்றைத் தானே குடித்து அணைந்த பிறகு
குறைந்த மூச்சில் வாழத் தெரிந்தவை
உள்ளே தொடங்கும்.

இரண்டாம் நாள், குறுணல் சிந்தியது போல் வெள்ளைப் புள்ளிகள்.
நூற்று நாற்பத்தொன்றைப் பிரித்தெடுத்தேன்.
இரைப்பையின் புளிப்பில் மூன்று மணித்தியாலம் வைத்தேன்:
பத்தொன்பது.
பித்தத்தில் விட்டேன்:
ஆறு.
தப்பியது எத்தனை என்று எண்ணுவது
இந்தப் பக்கத்தில் லேசான வேலையில்லை.
குறிப்பேட்டில் வளர்ந்தது, வளரவில்லை
என்று மட்டும் எழுதினேன்.

இருபத்தேழாம் போத்தலின் நாலாவது
எல்லாம் தாண்டி வந்தது.
வயிற்றோட்டக் கிருமி பரப்பிய தட்டின் நடுவே
தன்னைச் சுற்றி ஒரு முற்றம் கூட்டி வைத்திருந்தது,
பதினெட்டு மில்லிமீற்றர்,
வேறொன்றும் கால் வைக்காமல்.
அளந்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திரும்ப அளந்தேன்.

இனியும் கிடக்கு:
இரத்தத்தைக் கரைக்கிறதா,
மருந்துக்குப் பணிகிறதா,
குடற்சுவரில் ஒட்டி நிற்குமா
அல்லது வந்த வழியே போய்விடுமா.
இதைவிடத் திடமான ஒன்று போன வருடம்
கடைசிச் சோதனையில் கழிந்து போனது.

பேராசிரியர் தொலைபேசியில் கேட்டார்,
"எப்பிடி வந்திருக்கு?"
"பரவாயில்ல சேர்."

பெயர் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும் என்பது விதி.
மீறவில்லை.
தட்டின் மூடியோரத்தில்
கறுப்புப் பேனையால்
ஒரு பொட்டு மட்டும் வைத்தேன்.