பாதி விலை

பூலாவ் திக்கூஸ் கடை, குளிர்ப்பெட்டியின் கடைக்கோடி.
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய அன்றுதான் வாங்குவேன்.
கடைக்காரனுக்கு அன்றோடு கெடு முடிகிறது,
சீஸ் அன்றுதான் வாய் திறக்கிறது.

கட்டைவிரலால் நடுவில் அழுத்த வேண்டும்.
காது மடல்போல் இசைந்தால் சரி.
கல்லாக நின்றால் இன்னும் ஒரு வாரம்.
மாட்டுக்கொட்டகை, நனைந்த காலுறை,
அதெல்லாம் பரவாயில்லை.
தலைச்சாயம் கலக்கும்போது வருமே,
அந்தச் சுருக் மூக்கின் உச்சியில் ஏறினால் மட்டும்
எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.
கல்லாவில் இருக்கும் சூ லின்
இரண்டு பை போட்டு முடிச்சிடுவாள்,
மீதிக் காசு தரும்வரை மூச்சு விடமாட்டாள்.

எங்கள் லிஃப்டில் டுரியான் படத்தின்மேல் சிவப்புக் கோடு.
சீஸுக்குப் படம் இல்லை.
மூன்றாவது மாடி தாண்டியதும்
ஆறு பேரும் அவரவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன், மரியாதைக்கு.

பிளாஸ்டிக்கில் விட்டால் வியர்த்தே செத்துப்போகும்.
மெழுகுத்தாளில் தளரச் சுற்றி
மூடி போட்ட டப்பாவில், கீரை வைக்கும் இழுப்பறையில்.
டப்பா இல்லாமல் வைத்த முதல் தடவை
மறுநாள் தேநீரில் இருந்தது,
அதற்கு மறுநாள் இட்லியில்.
தோல் வறண்டால் உப்புத்தண்ணீரில் விரல் நனைத்துத் தடவுவேன்.
பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோல் என்று எழுதி
அடித்துவிட்டேன்.
எனக்குப் பிள்ளை இல்லை.

இப்படியிருக்க
சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் வந்தார்.
நாற்பத்தாறு வயதில் அதைப் பெண் பார்ப்பது என்று சொல்லக்கூடாதாம்.
"சும்மா டீ குடிக்க" என்றாள் ஏற்பாடு செய்த சுலோச்சனா.
கேசரி கிண்டச் சொல்லியிருந்தாள்.
நான் டப்பாவைத் திறந்தேன்.

ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடு என்கிறது புத்தகம்.
பினாங்கு வெயிலில் இருபது நிமிடம்.
அதற்குமேல் விட்டால் மேசையைவிட்டு இறங்கி நடக்கும்.
ஆரஞ்சுத் தோலுக்குள் களி,
காய்ந்த ரொட்டி, கிண்ணத்தில் ஜாதிக்காய் ஊறுகாய்.

சுலோச்சனா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்
"சாக்கடை அடைச்சிருக்கா?" என்றாள்.
வந்தவர், பெயர் தனபாலன்,
முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுத் தட்டின்மேல் குனிந்தார்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"எங்க கம்பெனியிலயும் பால்தான்.
ரப்பர் பால். திராவகம் ஊத்தினா இப்படித்தான் உறையும்.
கட்டிப்பால் லாரி வந்துச்சுன்னா
பஸ் ஸ்டாப்புல ஆள் நிக்காது."

இருபத்திரண்டு வருடம்.
மனைவி இருந்தவரை அவர் சட்டைகளுக்குத் தனி வாளி.
இப்போது எல்லாம் ஒரே வாளியில்தானாம்.

தோலையும் தின்னலாமா என்று கேட்டார்.
தின்னலாம், நறநறவென்று இருக்கும்,
சிலருக்கு ஆகாது என்றேன்.
தின்றார். கண்ணில் நீர் கட்டியது.
அடுத்த துண்டுக்குக் கத்தியைத் தானே எடுத்தார்.

பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்,
பள்ளியில் படித்தது.
அந்தச் சொல் எந்த வருடம் திரும்பியது, யார் மூக்கில்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஊறுகாய் கேட்டார். விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது மீதியில் பாதியைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
ஜன்னலைத் திறந்தே ஓட்டுங்கள்,
பாலம் முழுக்கக் காற்றுதான் என்றேன்.

பட்டர்வொர்த்தில் வண்டியை நிறுத்திச் செய்தி அனுப்பினார்:
பாலத்தில் மழை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.
பரவாயில்லை.

எது பரவாயில்லை என்று எழுதவில்லை.
சுலோச்சனா இன்னும்
என் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள்.